கியர்ப்பெட்டியின் காய்ச்சலும் அதனை அளந்தறியும் முறையும்

எம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியஞ் சார்ந்த பொருளொன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவர் மோட்டார் வண்டியின் எண்ணெயைப் பற்றி எழுதப் புகுந்தமை அவர்கட்கு வியப்பை விளைத்திருத்தலுங் கூடும். ஆயினும் பழைய மாணவருட் பலர் இன்று சொந்த வண்டி வைத்திருக்கின்றனர். சிலர் அதனையே சீவனோபாயமாகவுங் கொண்டுள்ளனர். அவர்கட்குப் பயன்படத்தக்க பாடமொன்றை யாம் பொருளும் மன அமைதியும் இழந்து கற்றுக்கொண்டோம். அதனை வகுப்பறையிற் சொல்லுமாறு ஒழுங்குபடச் சொல்ல முயல்வாம். 'ஓட்டோ கியர்' என ஊரார் வழங்கும் தானியங்கிக் கியருடைய வண்டிகளில், கியர்ப்பெட்டிக்குள் ஓடும் எண்ணெயின் வெப்பநிலையை ஸ்கானர் என்னுங் கருவியால் அறிந்து, கேடு வருமுன்னர்த் தடுத்துக்கொள்ளுதலே இக்கட்டுரையின் பொருளாகும்.

மூதூரும் மலைநாடும்

மூதூராராகிய எமக்கு நெடுந்தூர வண்டியோட்டம் பழம்பழக்கமன்று. திருகோணமலைக்குச் செல்லவேண்டின் கொட்டியாரக் குடாவை லோஞ்சிற் கடப்பதே முன்னை வழக்கம். தரைவழியே செல்வோர் ஆற்றுமுகங்கள்தோறும் பாதைக்காகக் காத்து நிற்பர். பாதை என்று ஈண்டுக் கூறியது, வண்டியையும் ஆளையும் ஒருங்கே ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையையேயாம். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அதனால் விடியற்காலையில் மூதூரிற் புறப்பட்டவர் அன்று மாலையே மலைநாட்டில் இருத்தல் இயல்வதாயிற்று. கடல்மட்டத்திற் பழகிய வண்டி ஒரே பகலில் 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்கு ஏறவேண்டிய நிலையும் அத்துடன் வந்தது.

மற்றொரு மாறுதலும் உண்டு. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கை அரசாங்கம் வண்டி இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரி முதலாந் திகதியே நீங்கியது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளில், யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வண்டிகளே கைம்மாறிக் கைம்மாறி ஓடின. புதியது வாங்க வழியில்லாத காலத்தில் உள்ளதைக் காப்பதே அறிவுடைமை. அவ்வண்டிகளுட் பெரும்பாலானவை தானியங்கிக் கியருடையவை. அவற்றின் கியர்ப்பெட்டி பழுதுற்றால் ஆகுஞ் செலவு ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கிவிடும்.

யாம் கண்ட இழப்பு

எம் மைத்துனர் ஒருவர் வாடகை வான் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். வான் லீசிங்கில் எடுத்தது. 2023 ஆம் ஆண்டுப் பாடசாலை விடுமுறையொன்றில் இருவர் குடும்பத்தாருமாகப் பன்னிருவர் அவ்வானிலேயே புறப்பட்டோம். இறம்பொடை ஆஞ்சநேயரையும் சீதா எலியவிலுள்ள சீதையம்மனையும் தரிசித்து வருவதே நோக்கம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி ஆகிய ஊர்களைக் கடக்கும்வரை குறையொன்றுமில்லை. கம்பளை கழிந்து புசல்லாவை ஏற்றத்திற் செல்கையில், எஞ்சின் இரைச்சல் மிகுந்தும் வான் முன்போல் இழுக்கவில்லை. சிறிது நேரத்தில் எரிந்த நாற்றமொன்று எழுந்தது. தேயிலைத் தொழிற்சாலை மணமென ஒருவர் சொல்ல, யாமும் அதனை ஏற்றுக்கொண்டோம். மைத்துனர் வெப்பமானியை நோக்கி, “மச்சான், முள்ளு நடுவிலதான் நிக்குது. பயமில்ல” என்றார்.

முள் நடுவில் நின்றது மெய்யே. ஆயின் அந்த முள் அளப்பது எஞ்சினைச் சுற்றியோடும் நீரின் வெப்பத்தையேயன்றிக் கியர்ப்பெட்டி எண்ணெயின் வெப்பத்தையன்று. இவ்வேறுபாட்டை அன்று எம்மில் ஒருவரும் அறிந்திலோம். இறம்பொடையை அடையுமுன் வான் அடியோடு நின்றது. இரவு முழுவதுங் குழந்தைகளுடன் வீதியோரத்திற் கழித்தோம். வான் மறுநாள் லொறியொன்றில் ஏறி ஊர் வந்தது.

மூதூரிலே கராஜ் வைத்திருக்கும் இளைஞரொருவர் கியர்ப்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். சிவப்பாயிருக்கவேண்டிய எண்ணெய் கரிக்கோப்பிபோற் கிடந்தது. தட்டின் அடியிற் கிளச்சுத் தூள் சேறாய்ப் படிந்திருந்தது. அவர் அதனை எம்மிடம் நீட்டி, “சேர், மணந்து பாருங்கோ. இது ஒருநாளில எரிஞ்ச ஒயில் இல்ல. கனகாலமாக் கொதிச்சுக் கொதிச்சுத்தான் இப்பிடி வந்திருக்கு. ஏத்தம் கடைசி அடியத்தான் அடிச்சது” என்றார். வண்டி வாங்கிய நாள்முதல் அவ்வெண்ணெய் மாற்றப்படவேயில்லை. ரேடியேற்றருக்கு முன்னிருந்த எண்ணெய்க் கூலரின் இடுக்குகளிலே சேறும் பூச்சிகளும் அடைந்து காற்றோட்டத்தை மறித்திருந்தன.

திருத்தச் செலவு ஆறுமாத லீசிங் தவணைக்கு ஈடாயிற்று. வான் நின்ற பதினொரு வாரமும் தவணை மட்டும் நிற்கவில்லை. எம் தங்கையாரின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளெல்லாம் அடகுக்குச் சென்றன. 'முன்னமே அறிந்திருந்தால்' என்னும் எண்ணம் எம்மை விட்டகலவில்லை. அவ்வெண்ணத்தின் பயனாகவே யாம் இத்துறையிற் படிக்கலானோம்.

வெப்பம் எங்கிருந்து வருகின்றது?

சாதாரணக் கியர் வண்டியிலே எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள கிளச்சு, தட்டோடு தட்டு அழுந்தி ஆற்றலைக் கடத்துகின்றது. தானியங்கி வண்டிகளுட் பலவற்றில் அவ்விடத்தில் முறுக்க மாற்றி என்னும் உறுப்பு உண்டு. மெக்கானிக்குகள் 'கொன்வேர்ட்டர்' என்பர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றுப்பட்டு மற்றதுஞ் சுழலும். முறுக்க மாற்றியின் உள்ளே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் உள்ளது. எஞ்சினோடிணைந்த சக்கரம் எண்ணெயை வீச, கியர்ப்பெட்டியோடிணைந்த சக்கரம் அதனை வாங்கிச் சுழலும். வாங்குவது வீசுவதிலும் எப்போதுஞ் சிறிது மெதுவாகவே சுழலும். அவ்வேறுபாட்டிற் போகும் ஆற்றல் எங்கும் மறைந்துபோவதில்லை; எண்ணெயிலே வெப்பமாகச் சேர்கின்றது.

சமதரையிற் சீரான வேகத்திற் செல்லும்போது, உள்ளிருக்கும் பூட்டுக்கிளச்சு இருசக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிடும், வெப்பம் குறையும். ஏற்றத்திலும் நெரிசலிலும் சேற்றிலும் பூட்டு விடுபட, வெப்பம் பெருகும். மகாவலி பெருகும் மாரியிலே வயலோரச் சேற்றில் சில்லுப் புதைந்த வண்டியை விடாது முடுக்குவோர், நகராத வண்டிக்குள்ளே எண்ணெயைக் காய்ச்சுகின்றனர் என்றறிக.

அளவு விளங்கும்பொருட்டு ஒரு கணக்கிடுவாம். ஆட்களோடு 3000 கிலோகிராம் எடையுள்ள வானொன்று 1400 மீற்றர் உயர்வதாகக் கொள்க. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ அவ்வளவே. எடையை 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்க, ஏறத்தாழ 41 மெகாயூல் ஆற்றல் வேண்டுமென்பது பெறப்படும். எஞ்சின் தருவதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு முறுக்க மாற்றியில் வழுக்கிப்போவதாக வைத்தால், எண்ணெயிற் சேரும் வெப்பம் ஏறத்தாழ 7 மெகாயூல். இது சுமார் 24 லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பமாம். கியர்ப்பெட்டியில் உள்ளதோ எட்டு லீற்றரளவு எண்ணெய். எண்ணெய் நீரிலும் விரைந்து சூடேறும் இயல்பினது. கூலர் இல்லையாயின் அதன் வெப்பநிலை 500 பாகைக்கு மேல் ஏறவேண்டும். அங்ஙனம் ஏறாது காப்பது கூலரும் அதனூடு செல்லுங் காற்றுமேயாம். கூலரின் இடுக்கில் அடைந்த ஒரு கைப்பிடிச் சேறு எம் மைத்துனர்க்கு ஏன் இத்துணை இழப்பை விளைத்ததென்பது இக்கணக்கால் விளங்கும். இக்கட்டுரையிற் பாகை எனப்படுவன யாவும் செல்சியசுப் பாகைகளே.

வெப்பம் செய்யுங் கேடு

கியர்ப்பெட்டி எண்ணெய் உராய்வைக் குறைப்பது மட்டுமன்று; ஆற்றலைக் கடத்துவதும், அழுத்தத்தாற் கிளச்சுகளை இயக்குவதும், வெப்பத்தைச் சுமந்து வெளிக்கொணர்வதும் அதன் தொழில்களே. வெப்பம் மிகுந்தால் அது ஒட்சியேற்றமுற்றுக் கறுக்கும். அதன் பிசுக்குமை மாறும். இரப்பர் முத்திரைகள் இறுகி வெடிக்கும். பொதுவாக, ஒவ்வொரு பத்துப் பாகை உயர்வுக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலார் கொள்ளும் ஒரு கைக்கணக்கு. அதன்படி 90 பாகையில் ஓடும் எண்ணெயிலும் 120 பாகையில் ஓடுவது எண்மடங்கு விரைவாகக் கெடும்.

ஆகவே நாற்றம் வந்தபின் நிறுத்துவதும், எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் நிறுத்துவதும் காலந்தாழ்ந்த செயல்கள். நாற்றமென்பது எண்ணெய் முன்னரே எரிந்தமைக்குச் சான்று. கேட்டுக்கு முன்னே வருவது வெப்பநிலை; அதனை அளந்தறிவார்க்கே செய்கைக்கு நேரங் கிடைக்கும்.

வண்டியோடு பேசுங் கருவி

அக்காலத்து மெக்கானிக்குகள் தட்டின்மேற் கைவைத்துப் பார்த்தனர். இக்காலத்து வண்டியோ தன் உடல்நிலையைத் தானே அளந்து வைத்துக்கொள்கின்றது. கியர்ப்பெட்டியின் உள்ளே சிறியதோர் உணரி உண்டு. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். குளிரில் ஆயிரக்கணக்கான ஓம், கொதிப்பிற் சில நூறு ஓம் என்ற அளவினது. வண்டியிலுள்ள கணினி அத்தடையை நோக்கி வெப்பநிலையைக் கணிக்கின்றது. அக்கணிப்பைக் கேட்டறிவதே ஸ்கானரின் வேலை.

ஓட்டுநரின் முழங்காலருகே, சுக்கானுக்குக் கீழே, பதினாறு ஊசிகளுக்குரிய துவாரங்களோடு ஒரு செருகுவாய் இருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரி முதலும், ஐரோப்பாவிற் பெற்றோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. 'ஓ.பி.டி. இரண்டு' என்பது இம்முறையின் பெயர். அச்செருகுவாயிற் பொருத்துதற்குரிய தீப்பெட்டியளவுக் கருவிகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவை புளூடூத் வழியே கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். கராஜ்களில் உள்ள பெரிய ஸ்கானர்கள் இதனையே இன்னும் விரிவாகச் செய்வன.

கருவியும் வண்டியும் பேசும் முறை மாணவர்க்குச் சுவை தருவது. எஞ்சின் நீரின் வெப்பத்தை அறியக் கருவி '01 05' என வினவும். வண்டி '41 05 7பி' என விடையளித்ததாகக் கொள்க. முதலிரண்டும், 'நீ கேட்ட வினாவுக்கு இது விடை' என்னும் ஒப்புதல். இறுதியிலுள்ளதே அளவு, அது பதினாறடி எண்ணில் உள்ளது. ஏழைப் பதினாறாற் பெருக்கி, 'பி' குறிக்கும் பதினொன்றைக் கூட்ட 123 ஆகும். அதிலிருந்து நாற்பதைக் கழிக்க 83 பாகை எனப் பெறுவோம். நாற்பதைக் கழிப்பது ஏனெனின், பனிநாடுகளிற் பூச்சியத்துக்குக் கீழ்ப்பட்ட வெப்பநிலையையுங் குறை எண்ணின்றி எழுதுதற்பொருட்டாம். இம்முறையில் எண் 0 ஆயின் அது −40 பாகையைக் குறிக்கும். 255 ஆயின் 215 பாகையைக் குறிக்கும்.

நீரின் வெப்பத்துக்குரிய இவ்வினா எல்லா உற்பத்தியாளர்க்கும் பொது. கியர்ப்பெட்டி எண்ணெய்க்கு இங்ஙனம் எங்குஞ் செல்லும் பொதுவினாவை நம்பியிருத்தல் இயலாது. உற்பத்தியாளர் ஒவ்வொருவருந் தத்தமக்கென வேறு வினாவும் வேறு கணக்குமுறையும் வைத்துள்ளனர். ஆகவே மலிவுக் கருவியொன்றைச் செருகியவுடன் கியர்ப்பெட்டி வெப்பம் திரையில் தோன்றாவிடின், கருவி பழுதென எண்ணற்க. அந்த வண்டி வகைக்குரிய வினா செயலியிற் சேர்க்கப்படவேண்டும், அன்றேல் அவ்வகையை அறிந்த ஸ்கானர் வேண்டும். பழைய யப்பானிய வண்டிகளுட் சில இப்பொதுமொழியையே பேசா என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

எண்ணை நம்புமுன் சோதித்தல்

திரையில் எண் தோன்றிவிட்டமையால் அது மெய்யாகிவிடாது. பொருந்தாத கணக்குமுறையைச் சேர்த்தாலும் ஏதோவோர் எண் வரும். மாணவன் விடையை ஆசிரியர் சரிபார்ப்பதுபோல வண்டியின் விடையையும் மூன்று வழியாற் சரிபார்த்தல் வேண்டும்.

முதலாவது, விடியற்காலைச் சோதனை. இரவு முழுதும் ஓய்ந்திருந்த வண்டியில் எஞ்சினை முடுக்காது சாவியை மட்டுந் திருப்பி, எஞ்சின் நீர், உட்செல்லுங் காற்று, கியர்ப்பெட்டி எண்ணெய் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். மூன்றும் புறக்காற்றின் வெப்பநிலையோடு சில பாகைகளுக்குள் ஒத்திருத்தல் முறை. மூதூரின் விடியலில் ஏனையவை 27 எனக் காட்ட, எண்ணெய் மட்டும் 60 எனக் காட்டுமாயின் அவ்வெண் பொய்.

இரண்டாவது, ஏற்றச் சோதனை. வண்டியை அரைமணி நேரம் ஓட்டினால் அவ்வெண் படிப்படியாக உயரவேண்டும். எண்ணெய் பொதுவாக எஞ்சின் நீரிலும் மெதுவாகவே சூடேறும். 40 இலிருந்து 95 க்கும், மீண்டும் 50 க்கும் துள்ளுவது எண்ணெயின் இயல்பன்று. கம்பித் தொடுப்பின் குறையாகவோ கணக்குமுறையின் குறையாகவோ இருக்கலாம்.

மூன்றாவது, அசையா எண்ணை ஐயுறல். எப்போதும் −40 எனவே நின்றால் உணரியின் கம்பி அறுந்திருக்கக்கூடும். தடை அளவிறந்து பெருகியதைக் கணினி கடுங்குளிரெனக் கொள்கின்றது. மாறாக எப்போதும் நம்பவொண்ணாப் பெருவெப்பங் காட்டினால் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டிருக்கலாம். இத்தகைய உணரிப் பிழைகளுக்கு 'பீ 0710' முதல் 'பீ 0713' வரையுள்ள குறியீடுகளும், எண்ணெய் மிகையாகச் சூடேறியமைக்கு 'பீ 0218' என்னுங் குறியீடும் உண்டு. குறியீட்டைக் கண்டவுடன் அழித்துவிடுதல் நோயாளியின் துண்டைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும். முதலில் எழுதிவைத்துப் பின்னர் மெக்கானிக்கிடங் காட்டுக.

இன்னுமொன்று: சில வண்டிகள் எண்ணெயின் வெப்பத்தை ஈரிடங்களிற் காட்டும், ஒன்று அடித்தட்டில் உள்ளது, மற்றது முறுக்க மாற்றியிலிருந்து வெளிவருவது. பின்னையது ஏற்றத்தில் முன்னையதிலும் பல பாகை மிகுந்திருக்கும். எதனைப் பார்க்கின்றோமென அறியாது அஞ்சுதலும் ஆகாது, ஆறுதலடைதலும் ஆகாது.

எவ்வளவு வரை தாழ்வில்லை?

உற்பத்தியாளரின் கைந்நூல் கூறுவதே முதற் பிரமாணம். அது கிட்டாதவிடத்து, முறுக்க மாற்றியுள்ள வண்டிகளில் அடித்தட்டு எண்ணெய்க்குப் பின்வரும் அளவுகளைப் பொதுவழிகாட்டியாகக் கொள்ளலாம். 75 இலிருந்து 95 பாகை வரை நல்ல நிலை. நீண்ட ஏற்றத்தில் 110 வரை சென்று பின்னர் இறங்குமாயின் அச்சமில்லை. 120 ஐ அணுகினாற் சுமையைக் குறைக்கவேண்டும். 130 ஐ அணுகினால் வண்டியை நிறுத்தவேண்டும். 150 இல் முத்திரைகளுங் கிளச்சுத் தட்டுகளும் கெடத் தொடங்கும்.

இவ்வளவுகளிலும் பயனுடையது உங்கள் வண்டியின் சொந்த வழக்கம். கொப்பியொன்றில் திகதி, வீதி, ஆட்தொகை, புறவெப்பம், எண்ணெய் வெப்பம் என ஐந்து நிரல் இட்டுக் குறித்து வருக. கிண்ணியாவுக்குச் செல்லும் அதே சமவீதியில், அதே சுமையோடு, வழக்கமாக 85 காட்டிய வண்டி 97 காட்டத் தொடங்கினால் எண் ஆபத்தெல்லைக்குள் இல்லையெனினுஞ் செய்தி உண்டு. கூலர் அடைத்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், பூட்டுக்கிளச்சு பிணையாதிருக்கலாம். அச்செய்தியை அன்றே கேட்பவருக்குச் செலவு சிறிது.

சங்கிலி அல்லது பட்டையால் இயங்கும் 'சீ.வீ.ரீ.' வகைக்கு வெப்ப எல்லையும் எண்ணெயும் வேறு. பிரியஸ், அக்குவா முதலிய கலப்பு வண்டிகளில் முறுக்க மாற்றியே இல்லை. அவற்றை இவ்வளவுகோலால் அளத்தல் தவறு.

சூடேறினாற் செய்யத்தக்கன

ஏற்றத்திற் கியர் மேலுங் கீழுமாக அடிக்கடி மாறினால், 'ஓவர்டிரைவ்' என்பதை நிறுத்திக் கீழ்க்கியரிற் செல்லவேண்டும். எஞ்சின் சற்று உரத்து ஒலித்தாலும் வழுக்கல் குறையும். குளிரூட்டியை நிறுத்தலாம். அவ்வாறு செய்தும் வெப்பம் ஏறினால், பாதுகாப்பான வீதியோரத்தில் நிறுத்தி, 'பீ' நிலையில் வைத்துக் கைத்தடையையும் இட்டு, எஞ்சினை ஓடவிடுக. பலரும் உடனே எஞ்சினை அணைப்பர். அணைத்தால் எண்ணெய்ப் பம்பு நின்றுவிடும். கூலருக்கு எண்ணெய் செல்லாது. வெப்பம் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். எஞ்சின் ஓட எண்ணெய் சுற்றி வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெப்பந் தணியும். எஞ்சின் நீருங் கொதித்தாலோ எண்ணெய் ஒழுகினாலோ மட்டும் உடனே அணைத்தல் வேண்டும். எண்ணெய் கறுத்து எரிந்த நாற்றம் வீசினால் அதனை மாற்றுவது மட்டும் போதாது. தேய்ந்த கிளச்சுப் புதிய எண்ணெயால் வளராது.

எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பதற்கும் வெப்பநிலை இன்றியமையாதது. எட்டு லீற்றர் எண்ணெய் 60 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.4 லீற்றர் விரியும். ஆதலால் குளிர்ந்தபோது சரியான மட்டம் சூட்டில் மிகையாகத் தோன்றும். அளவுகோல் இல்லாத கியர்ப்பெட்டிகளில், எண்ணெய் குறித்த வெப்பநிலையில் இருக்கும்போது, எஞ்சினை ஓடவிட்டு, வழிந்தோடுந் துவாரத்தைத் திறந்தே மட்டம் பார்ப்பர். டொயோட்டாவின் பல வகைகளுக்கு அவ்வெப்பநிலை 35 இலிருந்து 45 பாகை வரை. ஸ்கானரின்றிக் கைமதிப்பால் இதனைச் செய்பவர் எண்ணெயைக் குறைத்தோ கூட்டியோ விடுவர். குறைந்தால் கிளச்சு வழுக்கும். மிகுந்தால் நுரைத்து அழுத்தங் கெடும்.

இரண்டு எச்சரிக்கைகளையுஞ் சொல்லாது விடலாகாது. வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்த்தல் ஆகாது. அருகிலிருப்பவரே வாசித்துச் சொல்லவேண்டும். வண்டியை நிறுத்தியபின் கருவியைக் கழற்றிவைக்க வேண்டும். மறந்துவிடின் நாளடைவில் அது பற்றரியை வறிதாக்கும்.

மீண்டும் அவ்வேற்றம்

2024 ஆம் ஆண்டில் அதே வான், அதே பன்னிருவர், அதே வீதி. இம்முறை கூலர் கழுவப்பட்டிருந்தது, எண்ணெய் புதியது, அடகிலிருந்த நகைகளுட் பாதி மீண்டிருந்தன. எம் மருமகள் பத்தாம் வகுப்பு மாணவி. மைத்துனருக்கு அருகில் அமர்ந்து கொப்பியில் எண்களைக் குறித்து வந்தாள். ஹபரணைச் சமவீதியில் 84. மாத்தளை கழிந்த ஏற்றத்தில் 93. கண்டி நகர நெரிசலில் 99. புசல்லாவையைத் தாண்டியபோது 108. பின்னர் ஒவ்வொரு வளைவிலும் எண் உயர, “மாமா, நூற்றுப் பதினாலு” என்றாள். சற்றே கழித்து, “நூற்றுப் பதினெட்டு” என்றாள்.

மைத்துனர் ஒன்றும் பேசாது அகன்ற ஓரத்தில் வானை ஒதுக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கித் தேநீர் அருந்தினோம். முள் அன்றுபோல் அன்றும் நடுவிலேயே நின்றது. நாற்றமும் இல்லை, நடுக்கமும் இல்லை. கருவி இல்லையாயின் நிறுத்துதற்குக் காரணமொன்றும் எமக்குத் தோன்றியிராது. பதினைந்து நிமிடத்தில் எண் 96 ஆயிற்று. கீழ்க்கியரில் மெல்ல ஏறி, உச்சிப்பூசைக்கு முன்னரே ஆஞ்சநேயர் சந்நிதியை அடைந்தோம். அக்கொப்பி இன்றும் வானிலேயே இருக்கின்றது. இப்போது அதனை நிரப்புபவர் மைத்துனரே.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, இக்கல்லூரியின் விஞ்ஞானகூடத்திலே வெப்பமானியைக் கையிலேந்தி, நீர் கொதிக்கும்வரை நிமிடத்துக்கொரு முறை அளவெழுதிய நாட்களை எண்ணிப் பாருங்கள். அளவெழுதுதல் பரீட்சைக்காக மட்டுங் கற்பிக்கப்பட்டதன்று. கண்ணுக்குத் தெரியாததைக் கேடு வருமுன் காணும் வழியாகவே அது கற்பிக்கப்பட்டது. உங்கள் வண்டியின் முகப்பிலுள்ள முள் எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்பதை இன்றே வினவியறியுங்கள். நாளை விடியலில், எஞ்சினை முடுக்குமுன், முதல் எண்ணைக் கொப்பியிற் குறியுங்கள். அவ்வளவிற் பயன் தொடங்கிவிடும்.